மரத்தூளுக்கு மோட்டார் மாஸ்க்: வடிகட்டியை மட்டும் பார்த்து வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த சில ஆண்டுகளாகச் சேலம் மாவட்டத்து மரவேலைப் பட்டறைகளில் ‘மோட்டார் மாஸ்க்’ பற்றிய பேச்சு அடிபடுகிறது. இடுப்பு பெல்ட்டிலோ தலைக்கவசத்திலோ பொருத்திய சிறு மின்விசிறி, பட்டறைக் காற்றை வடிகட்டி வழியாக இழுத்து, முகத்துக்கு முன்னால் உள்ள கண்ணாடித் திரைக்குள் செலுத்தும் கருவி அது. உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதால், சிறு இடைவெளி இருந்தாலும் காற்று வெளியே கசியுமே தவிர, தூள் எளிதில் உள்ளே வராது. இதை வாங்க விரும்புபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, பல நேரங்களில் ஒரே கேள்வி, ‘எத்தனை சதவீதம் தூசி பிடிக்கும்?’ என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டு பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி, இரண்டாம் மாதமே ஆணியில் தொங்குகிறது. பட்டறை நடத்துபவன் என்ற முறையில், இதை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் கருதுவதைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தொழில் நண்பர்களுக்கும் அதிகாரிகளுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

மரத்தூளால் என்ன வந்துவிடப் போகிறது, தாத்தா காலத்திலிருந்து இதற்குள்ளேயேதானே இருக்கிறோம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. தாத்தா காலத்தில் இழைப்புளியைக் கையால் தள்ளினார்கள். சுருள் சுருளாகச் சீவல் காலடியில் விழுந்தது. இன்று நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும், மரத்தைத் தேய்க்கும் சாண்டிங் மெஷினும் பள்ளம் வெட்டும் ரூட்டரும் அதே மரத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்கிக் காற்றில் விடுகின்றன. நாற்காலித் தொழிலுக்குப் பெயர்போன இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரைச் சுற்றியுள்ள மரச்சாமான் தொழிலாளர்களுக்கு, மூக்கின் உட்புறத்தில் வரும் அரிய வகைப் புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் வருவதை அங்குள்ள மருத்துவர்கள் 1960-களில் கண்டறிந்து எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டனில் கடின மரத்தூளுக்கான வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 3 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் 2 மில்லிகிராம். அமெரிக்காவின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 1 மில்லிகிராம். புற்றுநோய் அரிதாக வருவது. ஆனால் விடியற்காலை இருமலும், மூச்சிரைப்பும், திங்கட்கிழமை பட்டறைக்குள் நுழைந்ததும் தொடங்கும் தும்மலும் நம் தொழிலில் யாருக்கும் புதியவை அல்ல.

எந்த மரம் என்பதும் முக்கியம். வாகை மரத்தை அறுத்தவர்களுக்கு அதன் தூள் மூக்கை என்ன பாடுபடுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. தேக்கிலும் ஈட்டியிலும் உள்ள இயற்கை வேதிப்பொருள்கள் சிலருக்குத் தோல் தடிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். ஒருமுறை உடம்பில் ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு தொல்லை தொடங்கச் சிறிதளவு தூளே போதும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏற்றவும் வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரமும் தோல் அரிப்பை உண்டாக்கக் கூடியதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் ரூட்டர் போடும்போது எழும் தூள் மிக மென்மையானது. அதில் ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் இருக்கிறது. இன்றைய மாடுலர் சமையலறை வேலைகளில் பெரும்பகுதி இந்தப் பலகையில்தான் நடக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கவசம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தூள் பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொன்னதும் அதுவே: தூசி எழும் இடத்துக்கு மிக அருகில் உறிஞ்சும் அமைப்பு வேண்டும். நான்கைந்து பேர் வேலை செய்யும் நம் பட்டறைகள் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. ஆனால் நுரையீரல் ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை. ரம்ப மேசைக்கும் பிளேனருக்கும் பை வைத்த உறிஞ்சு இயந்திரத்தை இணைத்து, சாண்டிங் மெஷினின் பின்வாயில் வேக்குவம் குழாயை மாட்டினாலே காற்றில் மிதக்கும் தூளில் பெரும்பகுதி குறைந்துவிடும். அதைச் செய்யாமல் ஆளுயர மின்விசிறியைத் தூளின் மேல் திருப்பி வைப்பது, தூளைப் பக்கத்தில் நிற்பவர் பக்கம் அனுப்பும் வேலை. மாலை வெயில் தகரக் கூரையின் ஆணித் துளை வழியாகச் சாய்வாக விழும் நேரத்தில், மெஷினை நிறுத்தி வெகு நேரம் கழித்தும் அந்த ஒளிக்கற்றைக்குள் தூள் மிதப்பதைப் பார்க்கலாம். ஒளி படாத இடத்திலும் அதே தூள் மிதக்கிறது. அதை நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

உறிஞ்சு இயந்திரம் எட்டாத வேலைகள் இருக்கின்றன. செதுக்கு வேலைப்பாடுள்ள கதவை உப்புத்தாள் கொண்டு கையால் தேய்ப்பது, கட்டிமுடித்த வீட்டில் ஏணி மேல் நின்று கதவு நிலையை இழைப்பது, தம்மம்பட்டிச் சிற்பிகள் செய்வது போன்ற நுண்ணிய செதுக்கல், கடைசல் வேலை ஆகியவற்றுக்கு மூக்கையும் வாயையும் காக்கும் கவசம் தவிர வேறு வழியில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்வது பாதுகாப்பே அல்ல. என்-95 மாஸ்க் நல்லதுதான். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 9473 தரத்துக்கு உட்பட்ட எஃப்.எஃப்.பி.2 வகை மாஸ்க்கும் நல்லதுதான். இரண்டுமே முகத்தோடு ஒட்டி நிற்கும்போதுதான் வேலை செய்யும். இங்கே நம் ஊரின் வழக்கம் குறுக்கே வருகிறது. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுபவர்களும், தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்ல விரதம் இருப்பவர்களும் பட்டறைதோறும் உண்டு. தாடி வளர்ந்த முகத்தில் எந்த ஒட்டும் மாஸ்க்கும் ஒட்டாது. முடிக்கு இடையே காற்று தடையின்றிப் போய்வரும். கல்யாண சீசனுக்கு முன்பாகக் கட்டில், பீரோ வேலை நெருக்கும் மாதங்களும் அவையே. தலை முழுவதையும் மூடித் தளர்வாகத் தொங்கும் கவச உறைக்கோ, முகத்தைச் சுற்றித் துணிப்பட்டை வைத்த காற்றோட்டத் தலைக்கவசத்துக்கோ தாடி பெரிய தடையில்லை. ஆனால் மோட்டார் இருந்தாலும், மூக்கையும் வாயையும் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் முகமூடி வகைக்குச் சவரம் செய்த முகம்தான் வேண்டும். வாங்கும்போது இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

இனி, சதவீதக் கணக்குக்கு வருகிறேன். என்-95 என்பது ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவுள்ள துகளில் 95 விழுக்காட்டைப் பிடிக்கும். மோட்டார் மாஸ்க்குகளுடன் வரும் உயர்திறன் வடிகட்டி 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். இந்த எண் வடிகட்டித் தாளுக்கு உரியது. அணிந்திருக்கும் மனிதருக்கு உரியது அல்ல. மனிதருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதற்கு வேறு அளவு இருக்கிறது. ஐரோப்பிய முறையில் தலைக்கவச வகைகளை டி.எச்.1, டி.எச்.2, டி.எச்.3 என்று பிரித்திருக்கிறார்கள். பிரிட்டனில் இவற்றை முறையே பத்தில் ஒரு பங்காக, இருபதில் ஒரு பங்காக, நாற்பதில் ஒரு பங்காகத் தூளைக் குறைப்பவையாகக் கணக்கில் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் தளர்வான முகத்திரை வகைக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு என்கிறார்கள்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். சாண்டிங் நடக்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 10 மில்லிகிராம் தூள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பதில் ஒரு பங்காகக் குறைக்கும் உயர்தரக் கவசத்துக்குள் 0.25 மில்லிகிராம்தான் இருக்கும். ஆனால் கழுத்து வலிக்கிறது, வியர்க்கிறது, போன் வருகிறது, பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழவில்லை என்று எட்டு மணி நேரத்தில் மொத்தம் 48 நிமிடம் அதே தூசிக்குள் கழற்றி வைத்தால், அன்றைய சராசரி 1.225 மில்லிகிராம் ஆகிவிடும். இருபதில் ஒரு பங்காகக் குறைக்கும் கவசத்தை இதே போலக் கழற்றிக் கழற்றி அணிந்தவருக்கு 1.45. பத்தில் ஒரு பங்காக மட்டுமே குறைக்கும் கவசத்தை ஒரு நிமிடமும் கழற்றாமல் அணிந்தவருக்கோ சரியாக 1 மில்லிகிராம். அதாவது, விலை குறைந்ததை விடாமல் அணிந்தவர், விலை உயர்ந்ததை அவ்வப்போது கழற்றியவரைவிட நன்றாக இருக்கிறார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ‘இதை அணிந்துகொண்டு என் ஆட்கள் காலை முதல் மதியச் சாப்பாடு வரை கழற்றாமல் வேலை செய்வார்களா?’ என்பதே. எனக்குத் தெரிந்து எந்த விளம்பரமும் இதற்குப் பதில் சொல்வதில்லை.

கழற்றாமல் இருக்க வைப்பவை எவை என்று பார்த்தால், முதலாவது எடை எங்கே உட்கார்கிறது என்பது. விசிறி, பேட்டரி, வடிகட்டி மூன்றும் தலைக்கவசத்திலேயே இருக்கும் வகை குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். பின்னால் குழாய் தொங்காது. ஆனால் குனிந்து தேய்ப்பவரின் கழுத்தின் மேல் அந்தச் சுமை முழுவதும் வந்து விழும். நாள் முழுவதும் கதவைப் படுக்க வைத்துக் குனிந்தே வேலை செய்பவருக்கு இடுப்பில் கட்டும் வகைதான் தோது. அதே இடுப்பு வகை, கடைசல் லேத் அருகே நிற்பவருக்கு யோசித்து வாங்க வேண்டியது. முதுகுப்புறம் வளைந்து நிற்கும் குழாய் சுழலும் பாகத்தில் சிக்காதபடி உறை போட்டு உடம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். குறுகலான பட்டறையில் திரும்பும்போதெல்லாம் பெல்ட் பெட்டி மேசை விளிம்பில் இடிப்பதும் ஒரு தொல்லையே.

இரண்டாவது காற்றின் அளவு. அமெரிக்க விதிப்படி தளர்வான வகைக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 170 லிட்டர், இறுக்கமான வகைக்கு 115 லிட்டர் காற்று வர வேண்டும். தேக்குச் சட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டு மேல்மூச்சு வாங்கும் சில நொடிகளில் நாம் இழுக்கும் வேகம் விசிறி தரும் வேகத்தை மிஞ்சக்கூடும். அப்போது விளிம்பு வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். ஆகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும், காற்று குறைந்தாலோ பேட்டரி இறங்கினாலோ ஒலியெழுப்பும் வசதியும் உள்ளதையே வாங்க வேண்டும். ஒலி மட்டும் போதாது. பட்டறைச் சத்தத்தில் அது கேட்காது. அதிர்வும் விளக்கும் சேர்ந்திருந்தால் நல்லது. காற்றோட்டத்தைச் சோதிக்க, உள்ளே மிதவை வைத்த சிறு குழாயைப் பல நிறுவனங்கள் கூடவே தருகின்றன. காலையில் வேலை தொடங்கும்முன் அதைப் பொருத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆனாலும் பெரும்பாலும் அது பெட்டியோடு பரணில் கிடக்கிறது.

சேலத்து வெயிலையும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே ஒட்டும் மாஸ்க் அணிந்து பத்து நிமிடம் நிற்பதே தவம். முகத்தில் காற்று வீசிக்கொண்டிருப்பதால் மோட்டார் வகையை ஆட்கள் தாமாகவே விரும்பி அணிகிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அது குளிர்ந்த காற்று அல்ல, பட்டறையின் அதே வெப்பக் காற்று. தண்ணீர் குடிக்கவும் ஓய்வெடுக்கவும் தூசி இல்லாத இடத்துக்குப் போய்க் கழற்றுவதற்கு நேரம் ஒதுக்கியே தீர வேண்டும். ஏற்காட்டில் நிலைமை நேர்மாறானது. மார்கழிப் பனியில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே தேய்ப்பதால் தூள் வெளியேற வழியில்லாமல் சேர்கிறது. மூக்குக் கண்ணாடி அணிந்தவருக்குச் சாதாரண மாஸ்க்கின் மூச்சு கண்ணாடியில் படிந்து கோடே தெரியாது. காற்றோட்டம் உள்ள கவசத்தில் பனிப்பது குறைகிறது என்பது, நாற்பது வயதைத் தாண்டிய தச்சர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஏற்காட்டுப் பழைய பங்களாக்களைப் புதுப்பிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் காரீயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவு, ஜன்னல் பெயின்ட்டைத் தேய்க்கும்போது மரத்தூளோடு காரீயத் தூளும் எழலாம். உயர்திறன் வடிகட்டி அதையும் பிடிக்கும். ஆனால் சட்டையில் படிந்ததை வீட்டுக்கு எடுத்துச் சென்றால் குழந்தைகளுக்குக் கேடு. அங்கேயே உடை மாற்றிக்கொண்டு இறங்க வேண்டும்.

பாலிஷ் வேலைக்கு இந்தக் கவசத்தையே போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது ஆபத்தான தவறு. தூள் வடிகட்டி தின்னர் ஆவியைத் துளியும் தடுக்காது. ஆவி நேராக மூக்குக்கு வரும், அதுவும் விசிறியின் வேகத்தில். ஆவிக்கு எனத் தனியாகக் கரி அடைத்த வடிகட்டி உண்டு. பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கக் கூடியது என்பதால், அந்த வேலைக்கு வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய் வழியாகத் தரும் கவசமே ஏற்றது. மேலும் சாதாரண மோட்டாரும் பேட்டரியும் தின்னர் ஆவி நிறைந்த அறையில் தீப்பொறிக்குக் காரணமாகலாம். தீப்பிடிக்கும் சூழலுக்கென்று சான்று பெற்ற கருவி இல்லாவிட்டால் அந்த அறைக்குள் கொண்டு போகவே கூடாது.

இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், மூக்கின் மேல் பொத்தான் அளவு விசிறி ஒட்டிய ‘எலக்ட்ரிக் மாஸ்க்’ எதிலும் நியோஷ் ஒப்புதல் எண்ணோ, ஐரோப்பிய இ.என். 12941 அல்லது 12942 தர முத்திரையோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அது விளையாட்டுச் சாமான். முத்திரை உள்ள கருவியிலும், அந்த ஒப்புதல் தலைக்கவசம், குழாய், விசிறி, வடிகட்டி எல்லாம் சேர்ந்த தொகுப்புக்குத்தான் உண்டு. விலை குறைவு என்று வேறு நிறுவனத்து வடிகட்டியை மாட்டினால் ஒப்புதல் அத்தோடு போயிற்று. ஆகவே கருவியின் விலையை மட்டும் கேட்காமல், முன்வடிகட்டி, முதன்மை வடிகட்டி, முகத்துணி, கண்ணாடியின் மேல் ஒட்டும் தாள், பேட்டரி ஆகியவை ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஆகும், சேலத்திலோ கோவையிலோ எத்தனை நாளில் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாலிஷ் அடிக்கும் கம்ப்ரசர் பக்கத்திலேயே இருப்பதால், அடைத்துப்போன வடிகட்டியைக் காற்றுத் துப்பாக்கியால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. ஊதிய வேகத்தில் வடிகட்டியின் மெல்லிய இழைகள் கிழிந்து விலகும். காற்று தாராளமாக வருவதைப் பார்த்து ‘புதுசு போல ஆயிடுச்சு’ என்று மகிழ்கிறோம். தூளும் அதே தாராளத்தோடுதான் வருகிறது. முதன்மை வடிகட்டியை ஊதவோ கழுவவோ கூடாது. முன்வடிகட்டியை அடிக்கடி மாற்றினால் முதன்மை வடிகட்டி நீண்ட நாள் உழைக்கும். பெருக்கும் வேலை முடியும்வரை கவசத்தைக் கழற்றக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஏனெனில் விளக்குமாறு கிளப்பும் தூள் சாண்டிங் மெஷினுக்குச் சளைத்தது அல்ல.

அரசுக்கு என் வேண்டுகோள் இரண்டு. கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. மரவேலைக்காக விண்ணப்பிப்பவர்கள் தரும் கருவிப் பட்டியலில் பிளேனர், ரூட்டர் ஆகியவற்றோடு தூள் உறிஞ்சும் இயந்திரத்தையும் சுவாசக் கவசத்தையும் சேர்க்குமாறு மாவட்டத் தொழில் மையம் அறிவுறுத்த வேண்டும். தூளைக் கிளப்பும் இயந்திரத்துக்கு மானியம் தரும்போது, அந்தத் தூளைத் தடுக்கும் இயந்திரத்தையும் கேட்டு வாங்கச் சொல்வது முறைதானே.

மற்றொன்று, சேலம் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் இடுப்பு வகை ஒன்று, தலைக்கவச வகை ஒன்று, இறுக்கமான முகமூடி வகை ஒன்று என மூன்று கருவிகளை வைத்து, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்த தச்சர்கள் ஒரு நாள் அணிந்து வேலை செய்து பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். விசிறி உள்ள கவசம் வெறும் பத்து நிமிடக் கடைச் சோதனையில் எல்லோருக்கும் பிடித்துப்போகும். மதியம் மூன்று மணிக்கும் அது பிடித்திருக்கிறதா என்பது, உப்புத்தாளைக் கையில் பிடித்து ஒரு கதவைத் தேய்த்து முடித்தால்தான் தெரியும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலர்கள் அந்த நாளில் உடனிருந்து காற்றில் உள்ள தூளை அளந்து காட்டினால், கவசம் வாங்குவதற்கு முன் எந்த மெஷினுக்கு உறிஞ்சு குழாய் போட வேண்டும் என்பதும் அங்கேயே முடிவாகிவிடும்.

இங்ஙனம்,
மரவேலைப் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கொண்டலாம்பட்டி, சேலம்.